காதலா, காவலா?

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் வகுப்புத் தோழன் ஒருவன் அவளுடைய அறைக்குள் நுழைந்து அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இது பல இரவுகள் நடக்கிறது. விஷயம் தெரியவரும்போது அவள் கூச்சல் போடவில்லை; அப்பாவிடம் சொல்லவும் இல்லை. இத்தனைக்கும் அப்பாதான் அந்த ஊரின் போலீஸ் தலைவர். அவளுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கிறது. தூக்கத்தில் எதையாவது உளறித் தொலைத்தோமோ என்பது மட்டுமே அவள் கவலை.

ஸ்டெபனி மேயரின் ‘ட்விலைட்’ நாவலில் வருவது இது. 2005இல் அமெரிக்காவில் வெளியான அந்த நாவலும், 2008வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்த மூன்று தொடர்ச்சிகளும் உலகம் முழுவதும் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. ஐந்து திரைப்படங்களும் வந்தன. முதலில் கொண்டாடியவர்கள் பதின்பருவப் பெண்கள். கொஞ்ச நாளில் அவர்களுடைய அம்மாக்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

பதின்பருவக் காதல் கதைகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் முதல் குறை, அவற்றில் எதார்த்தம் இல்லை என்பது. நாயகன் அளவுக்கு மீறிய அழகன், பணக்காரன், எல்லாம் தெரிந்தவன். இப்படிப்பட்ட ஒருவனுக்காகக் காத்திருந்து பெண்பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்கிறார்கள். குறை இருப்பது உண்மை, ஆனால் அது இருக்கும் இடம் இதுவல்ல என்பது என் எண்ணம். ‘ட்விலைட்’ நாயகன் எட்வர்ட் 1901இல் பிறந்தவன். 1918இல் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது ரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்டு, அன்றிலிருந்து பதினேழு வயதிலேயே நிற்பவன். வெயில் பட்டால் அவன் தோல் வைரம்போல மின்னும். இதையெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் வாசகி கிடையாது. புத்தகத்தை மூடும்போதே இவற்றைக் கழித்துவிடுகிறாள். அவன் நாயகியைக் கண்காணிப்பதற்கு நாவல் ‘அக்கறை’ என்று பெயர் வைக்கிறதே, அதைக் கழிப்பது அவ்வளவு சுலபமில்லை. ஏனென்றால் கண்காணிக்கிற பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நடக்கவே நடக்காத விஷயங்களால் வரும் கேடு குறைவு. தினமும் நடக்கிற விஷயங்களுக்குக் கதை என்ன பொருள் சொல்கிறது என்பதில்தான் விவகாரம் இருக்கிறது.

இந்த வகை நாவல் ஆரம்பத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. அமெரிக்கப் பதின்பருவ நாவலின் தொடக்கம் என்று பலரும் சுட்டுவது, மொரீன் டேலி கல்லூரி மாணவியாக இருந்தபோது எழுதி 1942இல் வெளியிட்ட ‘செவன்டீன்த் சம்மர்’. விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஒரு கோடை முழுக்கப் பழகுகிறார்கள். கோடை முடிகிறது; அவள் கல்லூரிக்குப் போகிறாள், அவன் வேறு மாநிலத்துக்குப் போகிறான். கதை அவ்வளவுதான். இன்றைக்குப் படிப்பவர்களுக்கு எதுவுமே நடக்காததுபோல இருக்கும். முதல் காதல் ஒருநாள் முடியும், முடிந்தாலும் யாருக்கும் உயிர் போகாது என்பதை மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற புத்தகம் அது.

1975இல் வந்த ஜூடி ப்ளூமின் ‘ஃபாரெவர்’ அதைவிடத் துணிச்சலானது. அதற்கு முந்தைய கதைகளில் ஒரு பெண் உடலுறவு கொண்டால் தண்டனை நிச்சயம்: கர்ப்பம், கைவிடப்படுதல், அல்லது சாவு. இரண்டு நல்ல பிள்ளைகள் காதலித்து, உறவும் கொண்டு, யாரும் சாகாமல் முடிகிற கதை ஒன்று வேண்டும் என்று தன் மகள் கேட்டதிலிருந்துதான் இந்த நாவல் பிறந்ததாக ப்ளூம் சொல்லியிருக்கிறார். கேத்தரினும் மைக்கேலும் என்றென்றைக்கும் சேர்ந்திருப்போம் என்று மனதார நம்புகிறார்கள். கேத்தரின் கிளினிக்குக்குப் போய்க் கருத்தடை மாத்திரை வாங்குகிறாள். கோடையில் வேறொரு பையன்மீது மனம் போகிறது. தடுமாறுகிறாள், மைக்கேலிடம் சொல்லிவிடுகிறாள், பிரிகிறார்கள். மைக்கேலுக்கு வலிக்கிறது, கோபம் வருகிறது. அவன் அவளைத் துரத்தவில்லை.

1980களில் பதிப்பகங்கள் இந்த வகை நாவலைத் தொழிற்சாலைச் சரக்காக்கின. ‘ஸ்வீட் டிரீம்ஸ்’, ‘ஸ்வீட் வேலி ஹை’ என்று மாதந்தோறும் வரும் மலிவுவிலை வரிசைகள். ‘ஸ்வீட் வேலி ஹை’யை 1983இல் தொடங்கிய ஃபிரான்சின் பாஸ்கல் கதைச் சட்டகத்தைக் கொடுப்பார், எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். 1942க்கும் 1982க்கும் இடையே வந்த பதின்பருவக் காதல் நாவல்களை ஆராய்ந்து லிண்டா கிறிஸ்டியன்-ஸ்மித் 1990இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு பையனின் பார்வை தன்மீது விழுந்த பிறகுதான் நாயகிக்குத் தன்னைப் பற்றியே ஒரு மதிப்பு வருகிறது என்பது அவர் கண்ட பொது அச்சு. அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பகுதி அந்த அச்சில் வார்த்தவைதான்.

ட்விலைட் வரிசை அந்த அச்சை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் எட்வர்ட் நாயகி பெல்லாவை விட்டுப் போகிறான். அடுத்த சில மாதங்களுக்கு நாவலில் மாதத்தின் பெயர் மட்டும் அச்சான வெற்றுப் பக்கங்கள். அவன் இல்லாவிட்டால் எழுத ஒன்றுமில்லை. அவள் வாழ்க்கையே காலி. பிறகு, ஆபத்தில் மாட்டினால் அவனுடைய குரல் காதில் கேட்பதாகக் கண்டுபிடித்து, அதற்காகவே மோட்டார் சைக்கிளில் பறக்கிறாள், பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள். பிரிவாற்றாமை எந்த மொழி இலக்கியத்துக்கும் புதிதில்லை, நம் பாலைத் திணை முழுக்க அதுதானே. ஆனால் தன் உயிரைப் பணயம் வைப்பதைக் காதலின் அளவுகோலாகப் பதினான்கு வயது வாசகியிடம் நீட்டுவது வேறு காரியம்.

மூன்றாம் பாகம்தான் எனக்கு மிகவும் உறுத்துவது. ஜேக்கப் என்ற நண்பனைப் பார்க்க பெல்லா போகக் கூடாது என்று எட்வர்ட் முடிவுசெய்கிறான். அவளுடைய வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். தான் ஊரில் இல்லாத நாட்களில் அவளை வீட்டில் பிடித்து வைத்திருக்கத் தன் தங்கைக்கு ஒரு போர்ஷே காரையே பரிசாகக் கொடுக்கிறான். இது ஆபத்திலிருந்து காப்பாற்றத்தான் என்று நாவல் சொல்கிறது. ஆபத்து இருப்பதும் கதைக்குள் உண்மைதான். நாவலாசிரியரின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது: நாயகனின் கெடுபிடி நியாயமாகத் தெரியும்படி உலகத்தையே அமைத்துவிடுவது. வெளியே ஓநாய்களும் எதிரிக் காட்டேரிகளும் அலைந்தால், கதவைப் பூட்டுகிறவன் காவலனாகத்தானே தெரிவான். ஜேக்கப்பின் பக்கமும் இதைவிட மேலில்லை. விருப்பமில்லாத பெல்லாவைப் பலவந்தமாக முத்தமிடுகிறான்; அவள் அவன் முகத்தில் குத்தித் தன் கையையே உடைத்துக்கொள்கிறாள். போலீஸ் தலைவரான அப்பா இதைக் கேட்டுச் சிரிக்கிறார், பையனின் தைரியத்தை மெச்சுகிறார். கதையில் அது நகைச்சுவைக் காட்சி.

பெல்லாவுக்குத் தோழிகள் உண்டு, பெயர்கூட இருக்கிறது. பக்கங்கள் நகர நகர அவர்கள் கரைந்துபோகிறார்கள். படிப்பு, வேலை, பணம், மாமியார், சமையல், சலிப்பு ஆகிய எதுவும் இந்தக் காதலுக்குள் நுழைவதில்லை. காதலர்கள் ஒன்றாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வதையோ, பேச விஷயமில்லாமல் விழிப்பதையோ காட்டினால் கதை ஓடாது என்பது எழுத்தாளர்களின் பயமாக இருக்கலாம்.

விக்டோரியா காலின்ஸ், டயான் கார்மடி என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் ட்விலைட் வரிசையை டேட்டிங் வன்முறை என்ற கோணத்திலிருந்தே அலசிக் கட்டுரை எழுதினார்கள். அமெரிக்காவில் இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. காதல் உறவில் இருக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் சுமார் 12 பேரில் ஒருவர் துணையிடம் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகிறார் என்கின்றன அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கெடுப்புகள்.

ட்விலைட்டின் சந்ததி இன்னும் சுவாரசியமானது. ட்விலைட் ரசிகைகள் அதே பாத்திரங்களை வைத்துத் தாங்களாகவே கதை எழுதத் தொடங்கினார்கள்; அப்படி எழுதப்பட்ட ஒன்றுதான் பெயர்கள் மாறி, 2011இல் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ என்று வந்தது. கனடாவின் டொராண்டோவில் 2006இல் தொடங்கிய வாட்பேட் தளம் இந்த எழுத்துக்கு எல்லையில்லாத இடம் கொடுத்தது. வேல்ஸைச் சேர்ந்த பெத் ரீக்கிள்ஸ் பதினைந்து வயதில் அங்கே எழுதிய ‘தி கிஸ்ஸிங் பூத்’, 2018இல் நெட்ஃபிளிக்ஸ் படமானது. அதில் நாயகன் பள்ளியில் உள்ள மற்ற பையன்களை மிரட்டி நாயகியின் பக்கமே வரவிடாமல் வைத்திருக்கிறான். அவளுக்கே அது தெரியாது. அன்னா டாட் 2013இல் தன் போனிலேயே எழுதிப் போட்ட ‘ஆஃப்டர்’, ஒன் டைரக்‌ஷன் இசைக்குழுவின் ஹாரி ஸ்டைல்ஸை மனதில் வைத்து எழுதிய ரசிகைக் கதை. அதன் படிப்பு எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. நாயகன் ஹார்டின் நாயகி டெஸ்ஸாவின் கன்னித்தன்மையை வைத்து நண்பர்களிடம் பந்தயம் கட்டியிருந்தான் என்பது முதல் பாகத்தின் முடிவில் தெரிகிறது. அடுத்தடுத்த பாகங்கள் அவனுடைய குடி, கோபம், பொறாமை, மன்னிப்பு, மறுபடியும் கோபம் என்று சுழல்கின்றன. சின்ன வயதில் அவனுக்கு நேர்ந்த கொடுமைகள் விளக்கமாக வருகின்றன. கடைசியில் அவள் காதல் அவனைத் திருத்திவிடுகிறது.

பெரியவர்கள் தங்கள் கனவைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்கள் என்று 1980களில் சொன்ன வாதம் இங்கே செல்லாது. எழுதுபவரே பதினைந்து வயதுப் பெண்ணாக இருக்கிறார். படிப்பவரும் அதே வயது. தங்களுக்குக் கையில் கிடைத்த கதைகளிலிருந்து கற்றதை, அவர்கள் தங்கள் கதைகளில் திருப்பி எழுதுகிறார்கள்.

எட்வர்டிலிருந்து ஹார்டின்வரை இந்த நாயகர்கள் எல்லோருக்கும் கொள்ளுப்பாட்டன் எமிலி பிராண்ட்டியின் ஹீத்கிளிஃப் என்று சொல்வார்கள். 1847இல் வந்த ‘உதரிங் ஹைட்ஸ்’ பெல்லாவுக்குப் பிடித்த புத்தகம். அந்தத் தூண்டிலை வைத்துப் பிரிட்டனில் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் ட்விலைட் பாணி அட்டையோடு அதை 2009இல் மறுபதிப்பு போட்டது, நன்றாகவே விற்றது. ஆனால் பிராண்ட்டியின் நாவலில் ஹீத்கிளிஃபை நம்பி ஓடிவந்து கல்யாணம் செய்துகொள்கிற இசபெல்லா என்ற பெண் சீரழிகிறாள். காதலால் அவன் திருந்தவில்லை. கொள்ளுப்பேரன்களை எழுதியவர்கள் வசதியாக மறந்த பகுதி அது.

இந்தப் புத்தகங்களைப் பார்த்துப் பெற்றோர் என்ன செய்தார்கள்? அமெரிக்க நூலகச் சங்கம், நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லிப் புகார் வரும் புத்தகங்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2009ஆம் ஆண்டுப் பட்டியலில் ட்விலைட் இருந்தது. காரணமாகப் பதிவானவை சமயக் கண்ணோட்டம், பாலியல் சித்திரிப்பு, வயதுக்கு ஒவ்வாமை. கதவைப் பூட்டியதற்காகவோ வண்டியைக் கழற்றியதற்காகவோ வந்த புகார் என்று அதில் இல்லை. ப்ளூமின் ‘ஃபாரெவர்’ பல பத்தாண்டுகளாகப் புகார்ப் பட்டியல்களில் வந்துகொண்டே இருக்கிறது. 2024இல் யூட்டா மாநிலம் எல்லா அரசுப் பள்ளிகளிலிருந்தும் அதை நீக்கியது. ஒரு பெண் தன் விருப்பப்படி சேர்ந்து, தன் விருப்பப்படி பிரிந்து, பத்திரமாக வீடு திரும்பும் கதைக்குத் தடை. அதே நேரத்தில் பல வீடுகளில் ட்விலைட்டை ‘சுத்தமான’ கதை என்று அம்மாக்களே வாங்கிக் கொடுத்தார்கள். மேயர் மோர்மன் திருச்சபையைச் சேர்ந்தவர். கல்யாணம்வரை எட்வர்ட் எல்லை மீறுவதில்லை. பெரியவர்கள் கையில் இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று: உடல் எவ்வளவு தெரிகிறது என்பது. யார் யாரை அடக்குகிறார்கள் என்று அளக்க அதில் கோடே போடப்படவில்லை.

இந்த அளவுகோல் தமிழ் வீடுகளுக்கும் நன்றாகப் பழக்கமானது. ரமணிசந்திரனின் நாவல்களை அம்மாவும் மகளும் மாற்றி மாற்றிப் படித்த வீடுகள் ஏராளம். ஆபாசம் கிடையாது என்பது அவற்றுக்குக் கிடைத்த நற்சான்றிதழ். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர் அவர். அவற்றில் பலவற்றில் நாயகன் வசதியானவன், முன்கோபி. நாயகியைப் பற்றித் தவறாக ஏதோ எண்ணிக்கொண்டு சொல்லால் குத்துவான். கடைசி அத்தியாயத்தில் அந்தக் குத்தல் எல்லாமே அடக்க முடியாத அன்பின் வெளிப்பாடு என்று தெரியவரும். அவளும் அதுவரை பட்டதையெல்லாம் ஒரு நொடியில் மறப்பாள்.

சரி, இதெல்லாம் படிப்பவர்களை உண்மையிலேயே மாற்றுகிறதா? ஆராய்ச்சிகள் சொல்வது, தடைசெய்யத் துடிப்பவர்களுக்கும் ‘கதைதானே’ என்று தோளைக் குலுக்குபவர்களுக்கும் முழுத் திருப்தி தராது. ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ நாவலைப் படித்த இளம்பெண்களைப் பற்றி ஏமி பொனோமி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. 18 முதல் 24 வயதுவரையான 650க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டதில், முதல் பாகத்தைப் படித்தவர்களிடையே தன்னைத் திட்டிக் கத்துகிற துணையும் உணவுப் பழக்கக் கோளாறுக்கான அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன. படித்ததால் அப்படி ஆனார்களா, அப்படிப்பட்ட வாழ்க்கை அமைந்ததால் இந்தப் புத்தகத்தைத் தேடிப் போனார்களா? ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு வரும் கணக்கெடுப்பால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொண்டார்கள். தலைப்புச் செய்தி போட்டவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

கிறிஸ் செக்ரின், ராபின் நபி ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு தொலைக்காட்சியைப் பற்றியது. பொதுவாக நிறைய டிவி பார்ப்பவர்களிடம் கல்யாணம் குறித்த கற்பனைகள் அதிகமில்லை. காதல் நிகழ்ச்சிகளைக் குறிப்பாகத் தேடிப் பார்ப்பவர்களிடம்தான் அவை அதிகமாக இருந்தன. எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதைவிட எதைப் பார்க்கிறோம் என்பதுதான் பேசுகிறது.

எனக்கு எல்லாவற்றையும்விட வெளிச்சம் தந்தது ஜூலியா லிப்மனின் சோதனை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது செய்தது. அவர் பெண்களைக் குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு படங்களைப் பார்க்கவைத்தார். சிலருக்கு ‘தேர்ஸ் சம்திங் அபௌட் மேரி’ போன்ற, ஒருத்தியை விடாமல் துரத்துவதை வேடிக்கையாகக் காட்டும் படம். சிலருக்கு ‘ஸ்லீப்பிங் வித் தி எனிமி’ போன்ற, அதே துரத்தலைத் திகிலாகக் காட்டும் படம். மற்றவர்களுக்குப் பறவைகள், பெங்குவின்கள் பற்றிய ஆவணப்படம். பின்தொடர்தல் பற்றிய கட்டுக்கதைகளை, அதாவது ‘இவ்வளவு தூரம் துரத்துகிறான் என்றால் அவ்வளவு பிரியம்’, ‘பெண்கள் இதைப் பெரிதுபடுத்துகிறார்கள்’ போன்றவற்றை எவ்வளவு நம்புகிறார்கள் என்று பிறகு கேட்டார். திகில் படம் பார்த்தவர்களிடம் அந்த நம்பிக்கை குறைந்திருந்தது. காதல் நகைச்சுவையைப் பார்த்து, அதை எதார்த்தம் என்று எடுத்துக்கொண்டு ஒன்றிப்போனவர்களிடம் கூடியிருந்தது. இரண்டிலும் நடந்த செயல் ஒன்றுதான். பின்னணி இசையும் முடிவும்தான் வேறு.

அமண்டா டீக்மன் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இன்னொரு ஆய்வையும் இதனோடு சேர்த்துப் படிக்கலாம். காதல் நாவல்களை நிறையப் படிக்கும் கல்லூரி மாணவிகள் ஆணுறை குறித்து எதிர்மறையான மனப்போக்கு கொண்டிருந்தார்கள். அந்த நாவல்களில் காமம் எப்போதும் திடீரென்று மூளும். நடுவில் யாரும் பாதுகாப்பைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஆய்வாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. அதே வகைக் கதைகளில் பாதுகாப்பான உறவு பற்றிய பேச்சைச் சேர்த்துப் படிக்கக் கொடுத்தார்கள். மனப்போக்கு நல்ல பக்கம் திரும்பியது. காதல் கதையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை; கதைக்குள் சில வரிகளை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

வாசகிகளின் பக்கமிருந்தும் சொல்ல நிறைய இருக்கிறது. ஜானிஸ் ராட்வே 1984இல் எழுதிய ‘ரீடிங் தி ரோமான்ஸ்’ இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் புத்தகம். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஓர் ஊர்ப் பெண்களிடம், ஏன் இவற்றைப் படிக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். புருஷனும் பிள்ளைகளும் தொந்தரவு செய்யாத நேரம் அது ஒன்றுதான் என்றார்கள். கதையைப் பற்றி ராட்வே சொன்னது இன்னும் ஆழமானது: ஆணின் முரட்டுத்தனம் பயமுறுத்துகிறது, அதற்குப் பின்னால் அன்புதான் இருக்கிறது என்று நாவல் விளக்கம் சொல்லி அந்தப் பயத்தைத் தணிக்கிறது. அதாவது பெண்கள் முட்டாள்தனமாக மயங்கவில்லை. தப்ப வழியில்லாத ஒரு நிலைமையைத் தாங்கிக்கொள்ள ஒரு கதை தேவைப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. சுட்டுத் தள்ளும் துப்பறியும் நாவல்களைப் பையன்கள் படித்தபோது, இதனால் கொலைகாரர்கள் ஆகிவிடுவார்களோ என்று இந்த அளவுக்கு யாரும் கவலைப்படவில்லை. பெண்பிள்ளைகள் கும்பலாக ரசிக்கும் எதையும் கேலி செய்வது உலக வழக்கம். ட்விலைட்டைக் கிழித்தவர்களில் பாதிப் பேருக்கு எட்வர்டின் அடக்குமுறை ஒரு பொருட்டே இல்லை. பெண்கள் கூச்சலிட்டதுதான் எரிச்சல். மேயரும் விமர்சனத்துக்குப் பதில் சொல்லிப் பார்த்தார். பெல்லா எப்போதும் காப்பாற்றப்பட வேண்டியவளாக இருக்கிறாள் என்று பலர் குறை சொன்னதால், பத்தாம் ஆண்டு நிறைவான 2015இல் ஆண்-பெண் பாத்திரங்களை மாற்றி அதே கதையை ‘லைஃப் அண்ட் டெத்’ என்று எழுதினார். பலவீனம் பெண்ணுக்கு மட்டும் உரியதல்ல என்று காட்டுவது அவர் நோக்கம். மாறாட்டத்துக்குப் பிறகும் காதல் என்பது ஒருவர் கண்காணிக்க மற்றவர் சரணடைவதாகவே இருந்தது. கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் இன்னொன்று.

ராட்வேயின் விளக்கத்தை இன்றைய தமிழ் இணையக் கதைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருத்தம் ஆச்சரியப்படுத்தும். பெங்களூரிலிருந்து 2014 முதல் இயங்கும் பிரதிலிபி செயலியிலும் அதுபோன்ற தளங்களிலும் ‘ஆன்டி ஹீரோ’ கதைகள் தனி வகையாகவே ஓடுகின்றன. பழிவாங்கக் கல்யாணம், கடத்திப்போய்க் கட்டும் தாலி, அறைகிற நாயகன், அழுகிற நாயகி. ஐம்பதாவது அத்தியாயத்துக்குப் பக்கத்தில் இருவருக்கும் நேசம். அமெரிக்கக் கதையில் பிள்ளைகள் பழகி, காதலித்து, பிறகு கல்யாணத்துக்குப் போகிறார்கள். இங்கே தாலி முதலில் வந்துவிடும். பத்து நிமிடம் பார்த்துப் பேசிய ஒருவனோடு வாழ்நாள் முழுக்க இருக்கப்போகும் பெண்ணுக்கு, அவன் கடுகடுப்பு கடைசியில் காதலாகக் கனியும் என்ற கதை சும்மா பொழுதுபோக்கு மட்டுமாக இருக்க வாய்ப்பில்லை. அது ஒரு தைலம். தைலம் தடவிக்கொண்டால் வலி தெரியாது என்பதுதான் சிக்கலும்.

எழுதுபவர்களையோ படிப்பவர்களையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. இந்தத் தளங்களில் எழுதுகிறவர்களில் பலர் வீட்டு வேலைக்கு நடுவே முதல்முறையாகப் பேனா பிடித்த பெண்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கருத்துப் பகுதியில் வாசகிகள் சண்டை போடுகிறார்கள். நாயகனை அவ்வளவு சீக்கிரம் மன்னிக்காதே, நன்றாக அலையவிடு என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் ஹீரோவை ஒன்றும் சொல்லாதே என்பவர்களும் உண்டு. புத்தகமாக வந்த காலத்தில் இந்தச் சண்டை நடக்க இடமே இருக்கவில்லை. ஆனால் அவன் அவளுக்கானவனே இல்லையோ என்ற கேள்வி மட்டும் அந்தக் கருத்துகளில் அபூர்வம். தாலி கட்டிவிட்டானே.

பையன்கள் இந்த நாவல்களைப் படிப்பதில்லை. அவர்களுக்கான பாடத்தைச் சினிமா நடத்துகிறது. விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பெண்ணைத் தொடர்ந்து போவதை 2013இல் இந்தியச் சட்டம் தனிக் குற்றமாக்கியது. முந்தைய தண்டனைச் சட்டத்தில் 354டி, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு. அதற்குப் பிறகும் பஸ் ஸ்டாப்பில் நின்று, பாட்டுப் பாடி, நண்பர்கள் கூட்டத்தோடு பின்னாலேயே போகும் நாயகனுக்கு இரண்டரை மணி நேரத்தில் பெண் கிடைக்கத்தான் செய்தாள். வீட்டில் அவள் நாவல் படிக்கிறாள், தியேட்டரில் அவன் படம் பார்க்கிறான். இருவரும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்களைப் படித்துவிட்டுத் தெருவில் சந்திக்கிறார்கள். அவன் பொசசிவாக இருக்கிறான் என்று தோழியிடம் அவள் சொல்லும்போது அதில் புகாரும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது.

உண்மையை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது பதிப்பாளர்களின் பழைய பல்லவி. அப்படி இல்லை. சாரா டெஸனின் ‘ட்ரீம்லேண்ட்’ 2000இல் வந்தது: அடிக்கிற காதலனிடம் ஒரு பெண் எப்படி மெல்ல மெல்லச் சிக்குகிறாள், அடி விழுந்த பிறகும் ஏன் வெளியே வர முடியவில்லை என்பதை உள்ளிருந்தே சொல்லும் நாவல். அதைவிட அரிய முயற்சி அலெக்ஸ் ஃப்ளின்னின் ‘பிரீதிங் அண்டர்வாட்டர்’ (2001). காதலியை அடித்த பையனே கதைசொல்லி. அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிடுகிறது. குடும்ப வன்முறை வகுப்புக்குப் போகவும் நடந்ததையெல்லாம் எழுதவும் பணிக்கிறது. தான் அவளை உயிராக நேசித்ததாகவே அவன் எழுத ஆரம்பிக்கிறான். எழுத எழுத, அவன் செய்ததை அவன் எழுத்தே அவனுக்குக் காட்டிக்கொடுக்கிறது. எட்வர்டின் அதே செயல்களைப் பாதுகாப்பு என்ற பூச்சு இல்லாமல் பார்ப்பதுபோல இருக்கும்.

ஆலிஸ் ஓஸ்மனின் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ சித்திரக் கதை இணையத்தில் தொடங்கி, புத்தகமாகி, நெட்ஃபிளிக்ஸ் தொடரும் ஆனது. விற்பனைக்கு ஒரு குறையும் இல்லை. சார்லி, நிக் என்ற இரண்டு பையன்களின் காதல். ரொம்பவும் இனிப்பான கதை, சில பக்கங்களில் திகட்டவும் செய்யும். ஆனால் சார்லிக்குச் சாப்பாட்டை ஒதுக்கும் நோய் முற்றும்போது, நிக்கின் காதல் அதைக் குணமாக்காது, டாக்டர் வேண்டும், பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று கதை தெளிவாகவே பேசுகிறது. ஹார்டின்களை டெஸ்ஸாக்கள் திருத்திக்கொண்டிருக்கும் உலகத்தில் இது சின்ன விஷயமில்லை.

கொலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ நாவலுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். 2016இல் வந்த அந்தக் கதை பதின்பருவத்தினருக்காக எழுதப்பட்டதே அல்ல. டிக்டாக் வழியாக அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடிக்கிற கணவனை விட்டு வெளியேறும் பெண்ணின் கதை அது. எழுத்தாளருடைய அம்மாவின் அனுபவத்திலிருந்து பிறந்தது. 2023 தொடக்கத்தில் அதற்கு ஒரு வண்ணம் தீட்டும் புத்தகம் போடுவதாகப் பதிப்பகம் அறிவித்தது. குடும்ப வன்முறைக்குக் கலர் பென்சிலா என்று வாசகர்களே கொதித்தெழ, ஹூவர் மன்னிப்புக் கேட்டார், திட்டம் கைவிடப்பட்டது. கதை என்ன சொன்னாலும் விற்பனைப் பிரிவுக்கு அது காதல் கதையாக மட்டுமே தெரிந்தது. கொதித்தவர்கள் அந்த நாவலை நேசித்துப் படித்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழில் இந்த அலமாரியே மெலிந்துதான் கிடக்கிறது. சிறுவர் கதைகளில் காதல் கிடையாது. குடும்ப நாவல்களில் வயதுக்கு வந்தவுடன் கல்யாணப் பேச்சு. பன்னிரண்டு வயதில் சிறுவர் புத்தகங்களை மூடிவைக்கும் பெண், பதின்மூன்றில் அம்மாவின் போனில் ஆன்டி ஹீரோ கதையைத் திறக்கிறாள். நடுவில் அவளுக்கென்று எழுதப்பட்டது சொற்பம். பள்ளியிலோ வீட்டிலோ இதைப் பற்றிப் பேச முடியாது. காதல் என்ற சொல்லை எடுத்தாலே போன் பறிபோகும், சில வீடுகளில் படிப்பும் பறிபோகும். அதனால் அவள் ரகசியமாகப் படிக்கிறாள். அறைகிற நாயகனைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கேட்க அவளுக்கு இருப்பது, முகம் தெரியாத வாசகிகள் எழுதிவைத்த கருத்துப் பகுதி மட்டும்தான்.